‘டிட்’ வந்த பிறகு ‘வென்ட்’ எதற்கு? வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வந்தன: ஆங்கிலத்தில் இறந்த காலம், பள்ளியில் நாம் பாஸ்ட் டென்ஸ் என்று படித்தது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு, இந்த முறை முழுக்க இதையே எடுத்துக்கொள்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

கேள்வி: டீச்சர், நேற்று நடந்ததைத்தானே சொல்கிறேன்? அப்புறம் ஏன் ‘ஐ டிட் நாட் வென்ட்’ தப்பு? ‘கோ’ என்றால் போகிறேன் என்றுதானே அர்த்தம்? யாரைக் கேட்டாலும் ரூல் அப்படித்தான் என்கிறார்களே தவிர காரணம் சொல்வதில்லை.
(கல்லூரி மாணவர், விருதுநகர்)

பதில்: காரணம் இருக்கிறது தம்பி, அதுவும் நீங்கள் தினமும் பேசுகிற தமிழிலேயே இருக்கிறது. ‘நேற்று வந்தேன்’ என்பதை மறுத்துச் சொல்லுங்கள் பார்ப்போம். ‘நேற்று வரவில்லை’ என்றுதான் சொல்வீர்கள், ‘வந்தவில்லை’ என்று யாரும் சொல்வதில்லை. வந்தேன் என்பதில் இறந்த காலத்தைக் காட்டுகிற பகுதி, வரவில்லை என்றதும் காணாமல் போய்விடுகிறது. ‘நாளைக்கு நான் வரவில்லை’ என்றும் சொல்கிறோம் இல்லையா? அப்படியென்றால் அந்த ‘வர’ எந்தக் காலத்தையும் சொல்லவில்லை, வெறுமனே செயலை மட்டும் சொல்கிறது. ‘டிட் நாட் கோ’வில் இருக்கிற ‘கோ’வும் அப்படித்தான். அதற்குப் போகிறேன் என்று அர்த்தம் இல்லை, ‘போக’ என்றுதான் அர்த்தம். நேற்று நடந்தது என்ற தகவலை ‘டிட்’ ஏற்கனவே சொல்லியாகிவிட்டது.

ஆங்கிலத்தில் ஒரு வினைத்தொடருக்குள் காலம் ஒரே ஒரு இடத்தில்தான் உட்காரும், அதுவும் முதலில் வருகிற வினையில். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ‘ஷி வென்ட்’ என்பதில் ஒரே வினை, காலம் அதிலேயே இருக்கிறது. ‘டிட் ஷி கோ?’ என்று கேட்டால் முன்னால் ‘டிட்’ வந்து காலத்தை வாங்கிக்கொள்கிறது. ‘ஷி டிட் நாட் கோ’ என்பதிலும் அதே கதை. யாராவது ‘நீ போகவே இல்லை’ என்று சாதித்தால் ‘ஐ டிட் கோ’ என்று அழுத்திச் சொல்லலாம், தமிழில் ‘போகத்தான் செய்தேன்’ என்கிறோமே, அதுவேதான். கவனித்துப் பாருங்கள், அங்கேயும் ‘போக’ சும்மா நிற்கிறது, ‘செய்தேன்’தான் காலத்தைச் சுமக்கிறது. ‘போனேன்தான் செய்தேன்’ என்று நம் வாயில் வருமா?

இந்த ‘டிட்’ எப்போதும் இருந்ததும் இல்லை. 1611-இல் வெளியான ஆங்கில விவிலியத்தைத் திறந்தால் ‘நியூ நாட்’ (அறியவில்லை) என்று வினைக்குப் பின்னால் நேரடியாக ‘நாட்’ போட்டிருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம், இன்றைக்கு அதையே ‘டிட் நாட் நோ’ என்போம். பழைய முறையில் உதவிக்கு வேறு வினை இல்லாததால் ‘நியூ’வே காலத்தைச் சொல்ல வேண்டியிருந்தது, இப்போது அந்த வேலை ‘டிட்’டுக்குப் போய்விட்டது.

இரண்டு இடங்களில் மட்டும் எச்சரிக்கை. ‘வாஸ்’, ‘வேர்’, ‘குட்’ போன்றவை தாமே ‘நாட்’டை ஏற்கும், அங்கே ‘டிட்’டைக் கொண்டுவரக் கூடாது: ‘ஐ வாஸ் நாட் தேர்’, ‘ஐ குட் நாட் ஸ்லீப்’. அப்புறம், யார் என்று கேட்கும்போது அந்த ‘யார்’தான் செயலைச் செய்தவர் என்றால் ‘டிட்’ தேவையில்லை. யார் வந்தது என்றால் ‘ஹூ கேம்?’, ஆனால் யாரைப் பார்த்தாய் என்றால் ‘ஹூ டிட் யூ ஸீ?’. இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ‘ஐ வாஸ் வென்ட்’, ‘ஐ வாஸ் கேம்’ என்று இறந்த காலத்துக்கு அடையாளமாக ஒரு ‘வாஸ்’ போடும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் நிறைய இருக்கிறது. காலம் ஒரே இடத்தில்தான் என்பது அதையும் சேர்த்தே விலக்கிவிடும்.

கேள்வி: என் பையனோடு சேர்ந்து நானும் ஆங்கிலம் கற்கிறேன். வி1, வி2, வி3 என்று ஒவ்வொரு வினைக்கும் மூன்று வடிவங்கள் போட்ட பெரிய அட்டவணை கொடுத்து ஏ-யிலிருந்து இசட் வரை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் முதல் பக்கம் மறந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் ‘எட்’ சேர்த்தால் என்ன? ஏன் இப்படி ஒழுங்கே இல்லாமல் வைத்திருக்கிறார்கள்?
(இல்லத்தரசி, திருப்பூர்)

பதில்: அம்மா, முதலில் அந்த அட்டவணையை மூடி வையுங்கள். அகர வரிசையில் வினைச்சொல் படிப்பதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. அந்தப் பட்டியலில் தொடக்கத்திலேயே ‘அரைஸ்’, ‘அபைட்’ மாதிரி வாழ்க்கையில் எப்போதாவது தேவைப்படுகிறவை வந்துவிடும், தினமும் வேண்டிய ‘டேக்’, ‘டெல்’, ‘திங்க்’ எல்லாம் கடைசிப் பக்கத்தில் கிடக்கும், அதற்குள் ஆள் சோர்ந்துபோயிருப்பார்.

ஒழுங்கே இல்லையா என்று கேட்டீர்கள். நம் மொழியைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். ‘சொல்’, ‘செல்’ இரண்டும் ல்-லில் முடிகிற சொற்கள். ஒன்று ‘சொன்னேன்’ ஆகிறது, இன்னொன்று ‘சென்றேன்’ ஆகிறது. ‘வா’ என்பது ‘வந்தேன்’, ‘போ’ என்பது ‘போனேன்’, ‘கேள்’ என்பது ‘கேட்டேன்’. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இறந்த காலம் காட்டும் இடைநிலைகளாக த், ட், ற், இன் என்று நான்கைச் சொல்கிறார்: நடந்தான், உண்டான், தின்றான், ஓடினான். எதற்கு எது வரும் என்று பட்டியல் போட்டு நாம் யாரும் கற்கவில்லை, ஆனாலும் தப்பே வருவதில்லை. காதில் விழுந்து விழுந்து பதிந்துவிட்டது.

ஆங்கிலத்திலும் விஷயம் அதுதான். 2007-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் ‘எட்’ வகையில் சேராத 177 வினைகளை எடுத்துக்கொண்டு ஏறத்தாழ 1,200 ஆண்டுகளில் அவற்றுக்கு என்ன ஆனது என்று பார்த்தார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் 145 மட்டுமே பழைய வடிவில் இருந்தன, இன்று 98. மீதியெல்லாம் ‘எட்’ பக்கம் வந்துவிட்டன. ‘ஹெல்ப்’புக்கு ஒரு காலத்தில் ‘ஹோல்ப்’ என்று இருந்தது, இன்று ‘ஹெல்ப்ட்’. இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, எது மாறியது எது மாறவில்லை என்பதற்கு அவர்கள் கண்ட கணக்கு: அதிகம் புழங்குகிற சொல் மாறாது, அரிதாகப் புழங்குகிறது சீக்கிரம் மாறிவிடும். ஒரு வினை இன்னொன்றைவிட 100 மடங்கு குறைவாகப் புழங்கினால் அது 10 மடங்கு வேகமாக ‘எட்’டுக்கு மாறும். அரிதாகக் கேட்கிற சொல்லின் பழைய வடிவம் மறந்துபோய், மக்கள் ‘எட்’ சேர்த்துச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். ‘வென்ட்’, ‘கேம்’, ‘ஸா’, ‘செட்’, ‘டுக்’ எல்லாம் நாள் முழுக்க யாராவது சொல்லிக்கொண்டே இருப்பதால் தப்பித்துவிட்டன. ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் முதல் பத்து வினைகளும் ‘எட்’ வகையில் சேராதவைதான்.

உங்களுக்கு இது நல்ல செய்தி. ‘எட்’ சேராத வினைகள்தான் நீங்கள் அதிகம் கேட்கப்போகிறவை என்பதால் முக்கியமானவை எப்படியும் பழகிவிடும். பையனோடு உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததை ஆங்கிலத்தில் நாலு வரி சொல்லுங்கள்: எழுந்தது, சாப்பிட்டது, வாங்கியது, பார்த்தது. ‘ஐ காட் அப் அட் ஃபைவ்’, ‘ஐ பாட் வெஜிடபிள்ஸ்’. இந்த வினைகள் அதே வரியோடு மனதில் நிற்கும். மீதியை ஓசை பார்த்துச் சேருங்கள். ‘ஸிங்-ஸேங்-ஸங்’ கூட்டத்தில் ‘ட்ரிங்க்’, ‘ரிங்’, ‘ஸ்விம்’ எல்லாம் சேரும். ‘பை’, ‘ப்ரிங்’, ‘திங்க்’, ‘கேட்ச்’, ‘டீச்’ ஆகியவற்றின் ‘பாட்’, ‘ப்ராட்’, ‘தாட்’, ‘காட்’, ‘டாட்’ ஒரு கூட்டம், எல்லாம் ஒரே ஓசையில் முடிகிறவை. ‘கட்’, ‘புட்’, ‘ஹிட்’, ‘ஷட்’, ‘காஸ்ட்’ எந்தக் காலத்திலும் மாறாது. ‘ரீட்’ என்பது எழுத்தில் மாறாமல் வாயில் மட்டும் ‘ரெட்’ ஆகும்.

‘வென்ட்’ மட்டும் எங்கிருந்து வந்தது என்று பையன் கேட்டால் இதைச் சொல்லுங்கள்: ‘வெண்ட்’ என்று தனியாக ஒரு வினை இருந்தது, திரும்பிச் செல்வது, வழி பார்த்துப் போவது என்ற பொருளில். அதன் இறந்த கால வடிவத்தை ‘கோ’ எடுத்துக்கொண்டது, தன் பழைய வடிவத்தை விட்டுவிட்டது. ‘கோ’வும் ‘வென்ட்’டும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் தெரிவதற்கு அதுதான் காரணம்.

கேள்வி: நிறுவனத்தில் மேலதிகாரிக்கு ‘ஐ ஹேவ் சென்ட் தி ரிப்போர்ட் யெஸ்டர்டே’ என்று எழுதினேன். தப்பு என்றார். அடுத்த முறை ‘ஐ ஹேட் சென்ட்’ என்று எழுதினேன், அதுவும் தப்பு என்கிறார். அப்படியானால் எதுதான் சரி?
(தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்)

பதில்: ‘ஐ சென்ட் தி ரிப்போர்ட் யெஸ்டர்டே.’ அவ்வளவுதான் சார், எதுவும் சேர்க்க வேண்டாம்.

‘ஹேவ் சென்ட்’ என்பது கிட்டத்தட்ட நம் ‘அனுப்பியிருக்கிறேன்’. எப்போது என்பது அங்கே முக்கியம் இல்லை, வேலை முடிந்துவிட்டது, ரிப்போர்ட் இப்போது உங்களிடம் இருக்கிறது என்பதுதான் செய்தி. அதனால் முடிந்துபோன நேரத்தைச் சொல்லும் ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘இன் 2019’ போன்றவற்றை அதனோடு ஆங்கிலம் சேர்க்க விடாது. ‘டுடே’, ‘திஸ் வீக்’ என்றால் பரவாயில்லை, அந்த நேரம் இன்னும் முடியவில்லையே.

‘ஹேட் சென்ட்’ விஷயத்தில் நம்மைத் தடுமாற வைப்பது தமிழ்தான். ‘நேற்றே அனுப்பியிருந்தேனே சார், பார்த்தீங்களா?’ என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அதை அப்படியே மாற்றினால் ‘ஐ ஹேட் சென்ட்’ வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘ஹேட்’ வேண்டுமென்றால் கடந்த காலத்திலேயே இன்னொரு நிகழ்ச்சி இருக்க வேண்டும், அதற்கு முன்பே இது முடிந்தது என்று காட்டுவதற்காக. ‘வென் யூ கால்ட், ஐ ஹேட் ஆல்ரெடி சென்ட் இட்’: நீங்கள் அழைத்தது ஒன்று, அதற்கு முன் அனுப்பியது இன்னொன்று. ஒப்பிட இரண்டாவது நிகழ்ச்சி இல்லாத இடத்தில் ‘ஹேட்’ வந்தால் படிக்கிறவர் ‘அதற்கப்புறம் என்ன நடந்தது?’ என்று காத்திருப்பார். அலுவலக மெயில்களில் நான் பார்க்கிற ‘ஹேட்’களில் பாதிக்கு மேல் எடுத்துவிடக்கூடியவை.

அமெரிக்க நிறுவனத்தோடு வேலை என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இப்போதுதான் சாப்பிட்டேன் என்பதை பிரிட்டனில் பெரும்பாலும் ‘ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘ஐ ஜஸ்ட் ஏட்’ என்று சொல்வது வெகு சாதாரணம். அவர்கள் எழுதுவதைப் பார்த்துத் தப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: ‘வாக்கெட்’, ‘ஆஸ்கெட்’, ‘வாஷெட்’ என்று நான் சொல்வதை இன்டர்வியூவில் திருத்தினார்கள். எழுத்தில் ‘எட்’ இருக்கும்போது அப்படித்தானே படிக்க வேண்டும்?
(வேலை தேடும் பட்டதாரி, கோயம்புத்தூர்)

பதில்: எழுத்து ஒன்றுதான், ஓசை மூன்று. தமிழ் ட-வை வைத்தே சொல்கிறேன். ‘பட்டம்’ என்பதில் வருகிற ட வேறு, ‘பண்டம்’ என்பதில் வருகிற ட வேறு, சொல்லிப் பார்த்தால் தெரியும். ‘வாக்ட்’, ‘ஆஸ்க்ட்’, ‘வாஷ்ட்’, ‘ஸ்டாப்ட்’, ‘லாஃப்ட்’ எல்லாவற்றிலும் கடைசியில் பட்டத்தின் ட். ‘கால்ட்’, ‘ஓப்பன்ட்’, ‘ப்ளேட்’, ‘லிவ்ட்’ எல்லாவற்றிலும் பண்டத்தின் ட். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு வினையின் கடைசி ஓசையை மட்டும் சொல்லுங்கள். ‘வாக்’ என்பதன் ‘க்’கில் அதிர்வு இருக்காது, அதனால் பின்னால் வருவதும் அதிராத ட். ‘கால்’ என்பதன் ‘ல்’ அதிர்கிறது, அதனால் அதிர்கிற ட். இரண்டிலும் நடுவில் ‘எ’ கிடையாது.

தனி அசையாக ‘இட்’ வருவது, வினை ஏற்கனவே அந்த இரண்டு ட் ஓசைகளில் ஒன்றில் முடியும்போது மட்டும்தான்: ‘வான்டிட்’, ‘நீடிட்’, ‘விசிட்டிட்’. ட்-டுக்குப் பக்கத்தில் இன்னொரு ட்-டைத் தனியாகச் சொல்ல முடியாது என்பதால் நடுவில் ஓர் உயிரோசை வேண்டியிருக்கிறது. முன்பு இந்த உயிரோசை இன்னும் பல இடங்களில் இருந்தது, பிறகு தேய்ந்துபோனது. எஞ்சிய சில சொற்களில் இன்றும் கேட்கலாம்: படித்தறிந்த பெரியவர் என்ற பொருளில் ‘லெர்னிட்’, ஆசி பெற்ற என்ற பொருளில் ‘பிளெஸிட்’.

‘ஆஸ்க்ட்’ நம் நாக்குக்குக் கடினம், மூன்று மெய் அடுத்தடுத்து வருகிறது. வேகமாகப் பேசும்போது அங்கே ‘க்’கை விழுங்கி ‘ஆஸ்ட்’ என்று சொல்கிற ஆங்கிலேயர்கள் நிறைய உண்டு, நீங்களும் தாராளமாகச் சொல்லலாம். ‘ஆஸ்கெட்’தான் வேண்டாம்.

கேள்வி: கனடாவில் பிறந்த பேத்திக்கு நாலு வயது. போன மாதம் வரை ‘வென்ட்’ என்று சரியாகச் சொன்னவள் இப்போது ‘கோட்’, ‘ஈட்டட்’ என்கிறாள். பள்ளியில் ஏதாவது தப்பாகச் சொல்லித் தருகிறார்களா?
(ஓய்வு பெற்ற அரசு ஊழியர், நாகர்கோவில்)

பதில்: கவலையே வேண்டாம் ஐயா, பேத்தி ஒரு படி மேலே ஏறியிருக்கிறாள். முதலில் அவள் ‘வென்ட்’ என்றது கேட்டதைத் திருப்பிச் சொன்னது. இப்போது ‘எட்’ என்று ஒரு விதி இருப்பதைத் தானாகவே கண்டுபிடித்து, கிடைத்த இடத்தில் எல்லாம் போட்டுப் பார்க்கிறாள். 1958-இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் சின்னப் பிள்ளைகளிடம் படங்களைக் காட்டி, இல்லாத சொற்களைச் சொல்லி, ‘நேற்று இவர் என்ன செய்தார்?’ என்று கேட்டார். ‘கிளிங்’ என்ற இட்டுக்கட்டிய வினைக்குப் பெரும்பாலான பிள்ளைகள் ‘கிளிங்ட்’ என்றார்கள். அந்தச் சொல்லை அவர்கள் முன்னால் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை, விதி மனதில் இருந்தால் மட்டுமே அந்தப் பதில் வரும். திருத்திக் கண்டிக்காதீர்கள். ‘ஐ கோட் டு தி பார்க்’ என்றால் ‘ஓ, யூ வென்ட் டு தி பார்க்!’ என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுங்கள், மெல்ல மெல்லத் தானாக வந்துவிடும்.

கேள்வி: ‘சின்ன வயதில் தினமும் காவிரியில் குளிப்போம்’ என்பதை எப்படிச் சொல்வது? ‘வி வில் பாத்’ என்று எழுதியதற்கு மதிப்பெண் போய்விட்டது.
(பிளஸ் டூ மாணவி, கும்பகோணம்)

பதில்: குளிப்போம் என்பது வடிவத்தில் எதிர்காலம், சொல்வதோ பழைய வழக்கத்தை. தமிழ் இப்படி எதிர்கால வடிவத்தை வழக்கத்துக்கும் பயன்படுத்தும். நீ ‘வில்’ போட்டதற்கு அதுதான் காரணம், அதற்காக வருத்தப்படாதேம்மா. ஆங்கிலமும் ஏறக்குறைய அதையே செய்கிறது, ‘வில்’லை ஒரு படி பின்னால் தள்ளி ‘வுட்’ ஆக்கிவிட்டு: ‘வி வுட் பேத் இன் தி காவேரி எவ்ரி டே’. இல்லையென்றால் ‘வி யூஸ்ட் டு பேத்’. இரண்டும் சரி.

ஆனால் செயலாக இல்லாமல் நிலையாக இருந்ததற்கு ‘வுட்’ வராது. இங்கே ஒரு வீடு இருந்தது என்றால் ‘தேர் யூஸ்ட் டு பி எ ஹவுஸ் ஹியர்’ என்றுதான் சொல்ல வேண்டும். மறுக்கும்போது ‘வி டிட் நாட் யூஸ் டு’ என்று எழுது, காலத்தை ‘டிட்’ வாங்கிக்கொண்டதால் ‘யூஸ்ட்’டின் கடைசி எழுத்து போய்விடும். ‘ஐ ஆம் யூஸ்ட் டு’ என்பது வேறு சங்கதி, எனக்குப் பழகிவிட்டது என்று பொருள், அதை இதோடு கலக்காதே.

கேள்வி: ‘ஹேங்’குக்கு ‘ஹங்’கா, ‘ஹேங்ட்’டா? ‘லெர்ன்ட்’ என்பதை டி போட்டு எழுதுவதா, ‘எட்’ போட்டா?
(அச்சக ஊழியர், சிவகாசி)

பதில்: படத்தை, சட்டையை மாட்டினால் ‘ஹங்’, ஆளைத் தூக்கிலிட்டால் ‘ஹேங்ட்’. ‘லெர்ன்ட்’, ‘பர்ன்ட்’, ‘ட்ரீம்ட்’ மூன்றுக்கும் டி எழுத்துள்ள வடிவம் பிரிட்டனில் உண்டு, அமெரிக்காவில் ‘எட்’தான் வழக்கம். ‘டிராவல்ட்’டுக்கு பிரிட்டனில் இரண்டு எல், அமெரிக்காவில் ஒன்று. ஒரு புத்தகத்துக்குள் ஏதாவது ஒன்றை மட்டும் கடைப்பிடித்தால் போதும்.

கேள்வி: ‘ஐ வான்டட் டு ஆஸ்க் யூ சம்திங்’ என்கிறார்கள். கேட்கப்போவது இப்போது, ஏன் இறந்த காலம்? ‘இஃப் ஐ வேர் யூ’ என்பதிலும் அதே சந்தேகம்.
(வங்கி ஊழியர், மதுரை)

பதில்: இறந்த கால வடிவம் எப்போதும் இறந்த காலத்தைச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் இன்னும் செருப்பு மாட்டாதவர்கூட போனில் ‘இதோ வந்துட்டேன்’ என்கிறார், நமக்கு விளங்குகிறதே. ‘வான்டட்’ என்று சொல்லும்போது கேள்விக்கும் கேட்கப்படுகிறவருக்கும் நடுவில் கொஞ்சம் தூரம் கிடைக்கிறது, அந்தத் தூரம் மரியாதையாகிவிடுகிறது. ‘கேன் யூ’வைவிட ‘குட் யூ’ பணிவாகக் கேட்பதும் இதனால்தான்.

‘இஃப்’ விஷயத்துக்கும் தமிழில் அழகான சான்று உண்டு. வந்தால், போனால், பார்த்தால் எல்லாவற்றிலும் இறந்த கால அடியோடு ‘ஆல்’ சேர்ந்திருக்கிறது, நாளைக்கு நடக்கப்போவதற்கும் அதையே சொல்கிறோம். ஆங்கிலம் மட்டும் இங்கே ஒரு வேறுபாடு வைத்திருக்கிறது. நாளைக்கு மழை பெய்யக்கூடும் என்று நீங்கள் உண்மையிலேயே நினைத்தால் ‘இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ’ என்று நிகழ்காலம். பெய்ய வாய்ப்புக் குறைவு, ஒரு பேச்சுக்குச் சொல்கிறோம் என்றால் ‘இஃப் இட் ரெயின்ட் டுமாரோ’. நான் நீங்களாக ஆக முடியவே முடியாது என்பதால் ‘இஃப் ஐ வேர் யூ’. பேச்சில் ‘இஃப் ஐ வாஸ்’ என்பதும் இப்போது பரவலாகக் கேட்கிறது, தேர்வுத் தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் ‘வேர்’ என்றே எழுதுங்கள்.